மூணாவது செட்

சோடியம்னா உப்புல இருக்கறதுதானேன்னு கேக்கறீங்க. அதேதாம்மா. ஆனா உப்பா இருக்கற வரைக்கும்தான் சாது. தனியா பிரிச்சுட்டா அது ஒரு உலோகம். கத்தியால வெட்டலாம், வெண்ணெய் மாதிரி. தண்ணி கொதிக்கற சூடு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே உருகிடும். உருகினா பாதரசம் மாதிரி பளபளன்னு ஓடும். தண்ணி பட்டா வெடிக்கும், காத்து பட்டா எரியும். அந்தச் சோடியத்தோட முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். வேற யாரோடயும் பண்ணல.

சிரிங்க, பரவாயில்ல. சிதம்பரத்துல ஏறினதுலேருந்து ஃபோனையே பாத்துட்டு வந்தீங்க. இப்ப சார்ஜ் போயிடுச்சு, அதனால என் பக்கம் திரும்பினீங்க. தப்பா சொல்லலம்மா. நான் உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளு. அது என் சுபாவம். தொழிலும் அதுதான்.

என் பேரு பிலோமினா. செங்கல்பட்டுல இருக்கேன். கடலோரத்துல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை. எந்த நிலையம்னு வேண்டாம், பேரை இழுத்து என்ன ஆகப்போகுது. ரிட்டையர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. சீர்காழிக்கு ஒருத்தரைப் பாக்கப் போயிட்டு வரேன். ஏகாம்பரம்னு பேரு. எங்கூட வேலை பாத்தவரு. இருபத்தி மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பாத்தேன். நீங்க பாண்டியிலதானே இறங்கணும்? அப்ப நேரம் இருக்கு.

என் வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா ஒண்ணும் புரியாது. அணு உலைக்குள்ள இருக்கற சூட்டை வெளிய கொண்டு வரணும்ல? எல்லா உலையிலயும் தண்ணிதான்னு நினைக்காதீங்க. சிலதுல உருகின சோடியத்தை ஓட விடுவாங்க. அதைத் தள்ளறதுக்கு பம்ப் வேணும். பம்புக்குத் தண்டு, தண்டு சுத்தறதுக்கு பேரிங். உங்க வீட்டு ஃபேன்லகூட பேரிங் இருக்கு, அதுக்கு கிரீஸ் வச்சுடலாம். சோடியத்துக்குள்ள முழுகிக் கிடக்கற பேரிங்குக்கு எந்த எண்ணெய் வைப்பீங்க? வைக்க முடியாது. அந்தச் சோடியமேதான் எண்ணெய். சூடு நானூத்தி ஐம்பது டிகிரி. கெட்டுப்போனா சட்டுன்னு திறந்து மாத்தவும் முடியாது. அதனால அதுல போடற இரும்பு நல்ல இரும்பாங்கறது முதல்லயே தெரிஞ்சாகணும்.

இரும்பு எதனால கெட்டியா இருக்கு? அதுல இருக்கற கரியினால. கார்பன். சூடான சோடியம் என்ன பண்ணும்னா, அந்தக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கும். அதுல ஆக்சிஜன் அழுக்கு சேந்துட்டா இன்னும் மோசம், மேல்தோலையே அரிச்சிடும். ஆனா பாத்தா ஒண்ணும் தெரியாது. புதுசாட்டம் மின்னும். அதுக்குத்தான் நான். ஒரு வைர ஊசியை அந்த இரும்பு மேல அழுத்துவேன். பள்ளம் விழும். மைக்ராஸ்கோப்புல அந்தப் பள்ளத்தை அளப்பேன். பள்ளம் சின்னதுன்னா இரும்பு கெட்டி, பெருசுன்னா மெத்துன்னு ஆயிடுச்சு. அதை ஒரு நம்பரா எழுதுவேன், கெட்டி கூடினா நம்பரும் கூடும். அவ்வளவுதான் என் வேலை. நாள் முழுக்க ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும்.

ஏகாம்பரம் அந்தப் பக்கம். சோடியம் ஓடற குழாய்க் கூட்டம் மூணு மாடி உயரத்துக்கு நிக்கும், லூப்னு சொல்லுவோம். நாங்க வெட்டிக் குடுக்கற இரும்புத் துண்டு, ஒவ்வொண்ணும் ஒரு ரூபாய் காசு அளவு, அதை அந்த லூப்புக்குள்ள தொங்கவிட்டு மாசக்கணக்கா ஊறவிடுவாங்க. சோடியத்தைச் சுத்தமா வச்சுக்கறது அவரு பொறுப்பு. கொஞ்சம் சோடியத்தைத் தனியா பிரிச்சு ஒரு பாத்திரத்துல ஆறவிட்டா அழுக்கெல்லாம் அதுல தங்கிடும். கோல்டு டிராப்னு அதுக்குப் பேரு. அது அடைச்சுக்காம, சூடு நூத்தி இருபதுலயே நிக்கற மாதிரி வால்வைத் திருகித் திருகிப் பாத்துக்கணும். பொறுமை வேணும். அந்தப் பொறுமை அவருகிட்ட இருந்துச்சு.

மத்தியானம் ஆனா டிஃபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வந்துடுவாரு. பதினோரு வருஷம். என் ரூம்ல ஏசி உண்டு, மெஷினுக்காக. அதுக்காக வர்றாருன்னு சொல்லுவாங்க. அதுக்காக மட்டும் பதினோரு வருஷம் ஒருத்தர் வருவாரா? ஹார்லிக்ஸ் பாட்டில்ல மோர் கொண்டு வருவாரு. எனக்கு ஒரு டம்ளர் ஊத்திட்டுத்தான் அவரு குடிப்பாரு. நான் மீன் கொண்டு வந்தா ஜன்னல் பக்கம் தள்ளி உக்காந்துக்குவாரு, அவரு சைவம். அதனால நான் மீன் கொண்டு வர்றதை விட்டுட்டேன். அவரு விடச் சொல்லல. நானா விட்டேன்.

பேசுவோமா? பெருசா ஒண்ணும் பேசமாட்டோம். "இன்னிக்கு டிராப் நூத்திப் பத்தொம்பதுல நிக்குது மேடம்"னு சொல்லுவாரு. நான் அன்னிக்கு எடுத்த ரீடிங்கைச் சொல்லுவேன். அதுக்கு மேல என்ன பேச்சு வேணும்?

கல்யாணம் ஆனவருதான். கஸ்தூரின்னு பேரு. நான் பாத்ததில்ல. சீர்காழிப் பொண்ணு. அவ பேரைச் சொல்லும்போது இவரு குரல் ஒரு மாதிரி இறங்கும். எனக்குப் பிடிக்காது. அதாவது, வேலை பாக்கற எடத்துல வீட்டு விஷயம் பேசறது எனக்குப் பிடிக்காது. யாரு பேசினாலும்.

அந்த வருஷம் நடந்ததுதான் கதை. மூணு செட் துண்டு போட்டோம். முதல் செட் ரீடிங் எழுநூத்திப் பதினெட்டு. ரெண்டாவது செட் எழுநூத்திப் பதினாலு. அதே சூட்டுல, ஆனா சோடியம் படாம, வெறும் ஆர்கான் வாயுவுல வச்ச துண்டு எழுநூத்தி முப்பது. ஆக, சோடியம் கொஞ்சம்தான் தின்னிருக்கு, இரும்பு தாங்குதுன்னு அர்த்தம். எல்லாருக்கும் சந்தோஷம். எங்க பிரிவுத் தலைவர் வெங்கடவரதன் சார், நாலு வருஷமா இந்த இரும்பைக் கட்டிக்கிட்டு அழறவரு, எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் குடுத்தாரு. மூணாவது செட்டும் இப்படியே வந்துட்டா கமிட்டியில வச்சு, இதுதான் பேரிங் இரும்புன்னு முடிவாயிடும்.

மூணாவது செட் ஊறிட்டிருக்கும்போதுதான் கஸ்தூரிக்கு உடம்பு முடியாமப் போச்சு. வயித்துல கட்டி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. இவருக்கு அப்ப மத்தியான ஷிஃப்டு. ரெண்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவாரு, மூணு மணிக்கு நைசா கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாரு, ஷிஃப்டு முடியற நேரத்துக்குத் திரும்பி வந்துடுவாரு. மெயின் பேனல்ல வேற ஆள் உண்டு, அதனால ஆபத்து ஒண்ணும் இல்ல. கோல்டு டிராப் மட்டும் ஆளில்லாமக் கிடந்துச்சு.

எனக்கு அது தெரியாது. சாப்பாட்டுக்கு வரமாட்டேங்கறாருன்னு மட்டும்தான் தெரியும். வீட்டுல சமைக்க ஆள் இல்லையேன்னு நானே ரெண்டு டிஃபன் கட்டிக் கொண்டு வருவேன். காலையில நாலரைக்கு எழுந்திருச்சு. சாம்பார், கீரை, ஒரு பொரியல், எல்லாம் சைவம். அவரு வந்ததும் கையில குடுப்பேன். "தேங்க்ஸ் மேடம்"னு வாங்கிட்டுப் போவாரு. மறுநாள் பாக்ஸ் கழுவித் துடைச்சு திரும்பி வரும். ஒரு பருக்கை இருக்காது. எனக்கு மனசு நிறைஞ்சு போகும், இவ்வளவு பிடிச்சுச் சாப்பிடறாரேன்னு. பத்தொம்பது நாள் அப்படிக் கட்டிக் குடுத்தேன்.

செட் வெளிய வந்துச்சு. ஆல்கஹால்ல கழுவி, நறுக்கி, தேச்சு, ஊசியை வச்சேன். பள்ளம் பெருசா விழுந்துச்சு. மெஷின்ல கோளாறுன்னு நினைச்சேன். சரிபாக்கற துண்டை வச்சுப் பாத்தா மெஷின் சரியா இருக்கு. மறுபடி வச்சேன். ஓரத்துல ஐந்நூத்தி அறுபத்தியொண்ணு. உள்ள போகப் போக அறுநூத்தி அம்பது, எழுநூறு. உள்ள கெட்டி, மேல மட்டும் சொத்தை. அரிச்சும் போயிருந்துச்சு. இருபது தடவை அளந்தேன். இருபது தடவையும் அதேதான்.

வெங்கடவரதன் சார்கிட்ட போனேன். அவரு நாற்காலியிலேருந்து எழுந்திருக்கவே இல்ல. "பிலோமினா, ரெண்டு செட் நல்லா வந்திருக்கு. இது ஏதோ தவறின செட். இதை விட்டுடுங்க"ன்னாரு.

"விடறதுன்னா சார்?"

"ரிப்போர்ட்ல வேண்டாம்."

"நான் அளந்தது சார்."

"எனக்குத் தெரியும். நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும். அதான் சங்கடமே"ன்னாரு.

நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். அளந்ததை அளக்கலன்னு எப்படி எழுதறது? அப்ப இரும்பு மட்டம்னு ஆயிடும், நாலு வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா இரும்பு மட்டம்னும் எனக்குத் தோணல. முதல் ரெண்டு செட்டும் அதே வார்ப்பு, அதே கம்பியிலேருந்து வெட்டினது. அப்ப வேற என்னமோ. அன்னிக்கு சாயந்திரமே லூப்போட லாக் புக்கை எடுத்துப் பாத்தேன்.

கோல்டு டிராப் சூடு. மணிக்கு ஒருதரம் எழுதணும். நூத்தி இருபது, நூத்தி இருபது, நூத்தி இருபது. பத்தொம்பது நாளும். பதினோரு வருஷமா சாப்பாட்டு நேரத்துல அந்த நம்பரைக் கேட்டவ நான். அது ஒரு நாளும் அப்படி நிக்காது. நூத்திப் பதினேழு ஆகும், நூத்தி இருபத்தி நாலு ஆகும். அதோட எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம். ஒரே மூச்சுல எழுதினது. டிராப் அடைச்சுக்கிட்டிருக்கு, அழுக்கெல்லாம் சோடியத்துலயே சுத்தியிருக்கு, அது இரும்பைத் தின்னிருக்கு. இரும்பு நல்ல இரும்புதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கேன்டீன் பின்பக்கம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கல. எல்லாத்தையும் சொன்னாரு. தாடி வளந்திருந்துச்சு, சட்டைக் காலர் அழுக்கா இருந்துச்சு.

"புதன்கிழமை கஸ்தூரிக்கு ஆபரேஷன் மேடம். வியாழக்கிழமை நானே சார்கிட்ட போய்ச் சொல்லிடறேன். என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்குங்க."

நான் அந்தக் காலரையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"நீங்க செஞ்ச உதவியை மறக்கமாட்டேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்கவே இல்ல. உங்க டிஃபனைத்தான் தினம் கொண்டு போய்க் குடுத்தேன். இன்னிக்கு என்ன கீரைன்னு கேக்கற அளவுக்கு வந்துட்டா"ன்னாரு.

அப்பத்தான் எனக்குத் தெரியும், அந்தச் சாப்பாடு எங்க போயிருக்குன்னு.

அதுக்கென்ன, நோயாளி சாப்பிட்டா புண்ணியம்தானே. நான் அதைப் பத்தி ஒண்ணும் நினைக்கல. இப்பவும் நினைக்கல. சும்மா உங்களுக்குச் சொன்னேன். "சரிங்களா மேடம்"னு கேட்டாரு. நான் சரின்னு சொல்லல. தலையைத்தான் ஆட்டினேன். தலையாட்டறதுல ஆயிரம் அர்த்தம் இருக்கு, கேட்டுக்கிட்டேன்னுகூட அர்த்தம் இருக்கு.

திங்கட்கிழமை கமிட்டி. பெரிய மேஜை, பன்னெண்டு பேரு. வெங்கடவரதன் சார் முன்னாடியே என் காதுல, "மூணாவது செட்டை இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்னு சொல்லி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வச்சுக்கலாம், ரெண்டு வாரம்தானே"ன்னாரு. நல்ல மனுஷன். நான்தான், தள்ளி வைக்க என்ன இருக்கு, ரீடிங் ரீடிங்தானேன்னுட்டேன். என் முறை வந்தப்ப ஐந்நூத்தி அறுபத்தியொண்ணைச் சொன்னேன். எல்லாரும் நிமிர்ந்தாங்க. காரணம் கேட்டாங்க. லாக் புக்கை மேஜை மேல விரிச்சு வச்சேன். பேரை நான் சொல்லவே இல்லம்மா. ஒவ்வொரு பக்கத்துலயும் அவரு கையெழுத்து இருந்துச்சு, நான் எதுக்குச் சொல்லணும்?

செவ்வாய்க்கிழமை அவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன். அப்ப என்ன குறைஞ்சு போச்சு, சொல்லுங்க? மூணு மாசம் விசாரணை. அப்புறம் வடக்கே எங்கேயோ தூக்கிப் போட்டாங்க. பொண்டாட்டியை அந்த நிலையில அழைச்சுட்டுப் போக முடியாதுன்னு வேலையை எழுதிக் குடுத்துட்டாரு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டுப் போற அன்னிக்கு நான் என் ரூம்லதான் இருந்தேன். சொல்லிக்க வருவாருன்னு மத்தியானம் சாப்பிடாம உக்காந்திருந்தேன். வரல. லாரிக்காரன் அவசரப்படுத்தியிருப்பான்.

சோடியத்தைச் சுத்தம் பண்ணி மூணாவது செட்டை மறுபடி போட்டோம். ஏழு மாசம் கழிச்சு எழுநூத்திப் பன்னெண்டு வந்துச்சு. இரும்பு ஜெயிச்சுடுச்சு. நான் சொன்னது சரி. வெங்கடவரதன் சார் ரிப்போர்ட்ல என் பேரையும் போட்டாரு. பாதுஷா வாங்கல அந்தத் தடவை.

அப்புறம் இருபது வருஷம் அதே ரூம்ல இருந்தேன். சாப்பாட்டுக்கு யாரும் வரமாட்டாங்க. எல்லாருக்கும் வேலை ஜாஸ்தி. கேன்டீன்ல லேடீஸ் மேஜை ஒண்ணு உண்டு, ஒரு நாள் அங்க போய் உக்காந்தேன். பேசிக்கிட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்க. சாப்பிட்டு முடிச்சுட்டாங்க போல, ஒவ்வொருத்தரா எழுந்து போனாங்க. புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு மட்டும் என்கிட்ட, "மேடம், நீங்கதானே அந்த லாக் புக் மேடம்"னு கேட்டுச்சு. ஆமான்னேன். எவ்வளவு வருஷம் ஆனாலும் என் வேலையை ஞாபகம் வச்சிருக்காங்களேன்னு இருந்துச்சு. ரிட்டையர் ஆன அன்னிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. நாலு பேரு வந்தாங்க. மழை அன்னிக்கு.

மீன் மறுபடி கொண்டு போகலாம்தான். பழக்கம் விட்டுப் போச்சு.

எதுக்கு இப்ப போனேன்னு கேக்கறீங்க. பென்ஷன்காரங்க வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. அதுல ஒருத்தர் போட்டிருந்தாரு, சீர்காழியில நம்ம ஏகாம்பரம் மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்காருன்னு. பாத்த உடனே எனக்குத் தோணிச்சு, அவருக்கு அந்த எழுநூத்திப் பன்னெண்டு தெரியாதேன்னு. மறுபடி போட்ட செட் நல்லா வந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நம்மால ஒரு நல்ல இரும்பு வீணாப் போச்சேன்னு அவரு இத்தனை வருஷமா வருத்தப்பட்டுக்கிட்டிருந்தா? அது பாவம் இல்லையா? சொல்லிட்டு வந்துடலாம்னு காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சேன்.

கடைவீதியிலேருந்து உள்ள தள்ளி ஒரு சின்னக் கடை. வெளிய நாலஞ்சு தண்ணி மோட்டாரு பிரிச்சுக் கிடக்குது. இவரு கீழ உக்காந்து ஒரு தண்டுல பேரிங்கை ஏத்திக்கிட்டிருந்தாரு. தலை முழுக்க நரைச்சுப் போச்சு. கை மட்டும் அப்படியே இருக்கு. கண்ணாடியைத் தூக்கிப் பாத்தாரு. அடையாளம் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. கையில இருந்த கிரீஸைத் துணியில துடைச்சாரு, ஒவ்வொரு விரலா.

"வாங்க மேடம்"னாரு.

"மறுபடி போட்ட செட் எழுநூத்திப் பன்னெண்டு வந்துச்சு ஏகாம்பரம். அந்த இரும்பைத்தான் எடுத்துக்கிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சந்தோஷம் மேடம்"னாரு.

அவ்வளவுதான் சொன்னாரு. பேரிங்கைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அதுக்குள்ள பின்னாடி வீட்டுலேருந்து அந்தம்மா எட்டிப் பாத்தாங்க. கஸ்தூரி. நான் நினைச்ச மாதிரி இல்ல. குள்ளமா, பூசினாப்பல, நெத்தி நிறைய குங்குமம். "யாரு வந்திருக்கா"ன்னு கேட்டாங்க. இவரு, "பிலோமினா மேடம், லேப்ல"ன்னாரு.

அந்தம்மா வேகமா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. "சாப்பாடு குடுத்து விட்ட மேடமா? அய்யோ, உள்ள வாங்க, உள்ள வாங்க. உங்களை ஒருதரம் பாக்கணும்னு எத்தனை வருஷமா இவருகிட்ட சொல்லியிருக்கேன். உங்க கையாலதான் நான் தேறினேன். அந்த முருங்கைக்கீரைப் பொரியல் இன்னும் நாக்குல நிக்குது"ங்கறாங்க. கண்ணுல தண்ணி.

உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சாங்க. காபி போட்டாங்க. பேசிக்கிட்டே இருந்தாங்க. "அந்த லேப்ல யாரோ ஒரு புண்ணியவான் இவரைப் போட்டுக் குடுத்தான் மேடம். யாருன்னு கேட்டா இவரு சொல்லவே மாட்டேங்கறாரு. போனது போகட்டும்னுவாரு. அப்பேர்ப்பட்ட எடத்துலயும் உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தாங்களேன்னு நான் நினைச்சுக்குவேன்"னாங்க.

இவரு வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தாரு. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்னதால முகம் தெரியல.

நான் உள்ளதை உள்ளபடி சொல்றவ. முதல்லயே சொன்னேன்ல. அந்தம்மாகிட்டயும் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். நான்தாம்மா அதுன்னு. லாக் புக்கை விரிச்சது நான்தான்னு. அந்தம்மா என் டம்ளரைப் பாத்து, "சக்கரை போதுமா மேடம்?"னு கேட்டாங்க. போதும்னு சொன்னேன். காபி நல்லா இருந்துச்சு. அந்தப் பேச்சு அப்படியே போயிடுச்சு.

சாப்பிட்டுத்தான் போகணும்னு பிடிவாதம். சாப்பிட்டேன். அவங்க கையால பரிமாறினாங்க. யாரோ எனக்குப் பரிமாறி ரொம்ப நாள் ஆச்சு, எவ்வளவு போதும்னு சொல்லத் தெரியல. ரசத்தை மூணு தடவை ஊத்திட்டாங்க. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "இது உங்க வீடு மேடம். எப்ப வேணா வாங்க, தனியாதானே இருக்கீங்க, பொங்கலுக்கு இங்க வந்துடுங்க"ன்னாங்க. என்னை யாரும் பொங்கலுக்குக் கூப்பிட்டதில்ல. கிறிஸ்துமஸுக்கே கூப்பிட்டதில்ல.

இவரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாரு. கடையைச் சாத்திட்டு வந்தாருன்னா பாத்துக்குங்க. மருந்துக்கடை கிட்ட வந்தப்ப, "அந்த மூணாவது செட், எவ்வளவு மேடம் வந்துச்சு? விசாரணையிலகூட எனக்கு யாரும் சொல்லல"ன்னு கேட்டாரு.

"ஐந்நூத்தி அறுபத்தியொண்ணு."

நின்னுட்டாரு. "அவ்வளவு கீழயா?"

"ஓரத்துல மட்டும். உள்ள நல்லா இருந்துச்சு."

"என் தப்புதான். அதை நான் எப்பவும் இல்லன்னு சொல்லல"ன்னாரு. அப்புறம், "வியாழக்கிழமை நான் போய்ச் சொல்லியிருப்பேன் மேடம்"னாரு.

சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரியும். பொய் சொல்ற ஆளில்ல, அந்தப் பத்தொம்பது நாளைத் தவிர. நான் ஏன் வியாழக்கிழமை வரைக்கும் பொறுக்கலன்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு, ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருப்பேன். வேற என்ன காரணம் இருக்க முடியும்? நல்லவேளை, கேக்கல.

பஸ் வந்துச்சு. என் பையை வாங்கி மேல வச்சுக் குடுத்தாரு. சன்னல் பக்கம் உக்காந்தேன். கீழ நின்னுக்கிட்டு என்னை நிமிர்ந்து பாத்துச் சொன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. "கஸ்தூரி மனசுல நீங்க நல்லவிதமா இருக்கீங்க மேடம். அது அப்படியே இருக்கட்டும். இனிமே வராதீங்க."

நான் என் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு படியேறினதைப் பாத்திருக்காரும்மா. செங்கல்பட்டுலேருந்து சீர்காழி சும்மா இல்லையே, அஞ்சு மணி நேரம், வயசான காலத்துல இவ்வளவு தூரம் பஸ்ல அலைய வேண்டாம்னு சொல்றாரு. அப்பவும் அப்படித்தான், மோரை எனக்கு ஊத்திட்டுத்தான் அவரு குடிப்பாரு. என்மேல ஒரு அக்கறை.

அதான் யோசிக்கறேன். பொங்கலுக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு. முட்டிக்கு ஒரு டாக்டரைப் பாத்துட்டா, வர்றதுல ஒரு சிரமமும் இருக்காது. அந்தம்மா அவ்வளவு தூரம் கூப்பிட்டிருக்காங்க. போகலன்னா வருத்தப்படுவாங்க இல்ல?

என்னம்மா, பையை எடுக்கறீங்க. பாண்டி இன்னும் வரலையே. அதுக்குள்ள எழுந்துட்டீங்க.